பனிக்குடம் முன்னதாக உடைந்தது என் தவறா?

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயது. இது முதல் பிரசவம். 30 வாரம் முடிந்து இரண்டாம் நாள் இரவு, தூக்கத்தில் உடை நனைந்தது போலிருந்தது. சிறுநீர் என்று நினைத்து உடையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் எழுந்து நின்றதும் கால் வழியே நீர் இறங்கியது. ஆஸ்பத்திரியில் பனிக்குடம் உடைந்துவிட்டது என்றார்கள். ஊசி, மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் வலி வந்து மகள் பிறந்தாள், 1,500 கிராம். ஐந்து வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது பத்து மாதம். நன்றாக இருக்கிறாள், ஆனால் இன்னும் தவழவில்லை. நஞ்சுக்கொடியையும் சவ்வையும் பரிசோதித்த அறிக்கையில் ‘சவ்வில் அழற்சி, பல இடங்களில் செல்கள் இறந்துள்ளன’ என்று இருந்தது. அதைப் பற்றித் தேடிப் படித்தபோது ‘செல் தற்கொலை’ என்ற சொல்லைப் பார்த்தேன். அதிலிருந்து மனசு சரியில்லை. அது நடப்பதற்கு முந்தின நாள் நான் ஸ்டூலில் ஏறி அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினேன். அதனால்தான் உடைந்தது என்கிறார்கள் வீட்டில். அந்தச் சவ்வு குழந்தையின் செல்களால் ஆனதாமே? அப்படியென்றால் என் மகளிடமே கோளாறா? அடுத்த குழந்தைக்கும் இப்படித்தான் ஆகுமா?

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் அந்தப் பெட்டியை இறக்கி வைத்துவிடுவோம். நீங்கள் கேட்டிருப்பது நாலைந்து கேள்வி. ஆனால் உங்களை வாட்டுவது அந்த ஒன்றுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. ஸ்டூலில் ஏறியதாலும், கையை உயர்த்தியதாலும், பெட்டியைத் தூக்கியதாலும் உங்கள் பனிக்குடம் உடையவில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

பிரசவ அறையில் நாங்கள் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். வலி எடுத்து, கருப்பை சில நிமிடத்துக்கு ஒருமுறை கல்லாக இறுகி, அப்படியே பல மணி நேரம் போன பிறகும் பனிக்குடம் உடையாமல் இருக்கும் பெண்கள் நிறையப் பேர். தேவைப்பட்டால் முனையில் சிறு கொக்கி உள்ள கருவியை உள்ளே விட்டு நாங்களே கீறி உடைக்கிறோம். எப்போதாவது ஒரு குழந்தை உடையாத பனிக்குடத்தோடேயே வெளியில் வந்து விழுவதும் உண்டு. அத்தனை அழுத்தத்தைத் தாங்குகிற சவ்வு, நீங்கள் ஒரு ஸ்டூலில் ஏறி இறங்கியதற்கா கிழியப் போகிறது? தும்மல், இருமல், வாந்தி எல்லாம் வயிற்றுக்குள் கொடுக்கிற அழுத்தத்தை நினைத்துப் பாருங்கள். வாகன விபத்தில் வயிற்றில் பலமாக அடிபடுவது வேறு விஷயம். உங்கள் பெட்டி அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் உடைந்தது ஏன்? அதற்கு அந்தச் சவ்வைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அதைத் தட்டில் வைத்துப் பரிசோதிப்பது எங்கள் வேலையில் ஒன்று. சவ்வின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஒரு பை போலத் தொங்கும், கீழே குழந்தை வந்த வழி ஓட்டையாகத் தெரியும். விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். அது ஒரே சவ்வு இல்லை, இரண்டு. உள்பக்கம் இருப்பது அம்னியான்: வழவழப்பாக, பளபளவென்று, கண்ணாடி போல இருக்கும். வெளிப்பக்கம் கோரியான்: சற்றுத் தடிமனாக, மங்கலாக, தாயின் கருப்பை உள்ளுறையின் துணுக்குகள் ஒட்டியபடி இருக்கும். விரலால் மெதுவாகப் பிரித்தால் இரண்டும் தனித்தனியாக உரிந்து வரும். கோரியான் இழுத்ததும் பிய்ந்துவிடும். அம்னியானை அப்படிப் பிய்க்க முடியாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே கனம், ஆனாலும் இழுக்க இழுக்க விரலை எதிர்த்து நிற்கும். பனிக்குடத்தின் பலத்தில் பெரும்பங்கு இந்த மெல்லிய சவ்வில்தான் இருக்கிறது. (தீப்புண்ணை மூடவும், கண் அறுவை சிகிச்சையில் விழிப்பரப்பின் மேல் தைக்கவும் அம்னியானைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. குழந்தை பிறந்ததும் அதன் வேலை முடிந்துவிடுவதில்லை.)

அந்தப் பலம் வருவது கொலாஜன் என்ற புரத நாரினால். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிற அதே பொருள்தான். அம்னியானில் பனிநீரைத் தொட்டபடி ஒரு வரிசை செல்கள் இருக்கும். அதற்கு அடியில் கொலாஜன் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். நார்களுக்கு நடுவே அவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருக்கும். ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. உடையும்போது உங்களுக்கு வலிக்காததற்கும், தூக்கத்தில் அது தெரியாமல் போனதற்கும் நரம்பு இல்லாததும் ஒரு காரணம்.

பனிக்குடத்தை ரப்பர் பலூன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பலூன் செத்த பொருள், இது உயிருள்ள திசு. ஒரு பக்கம் பழைய கொலாஜனை அரித்து எடுக்கும் நொதிகள் வேலை செய்கின்றன. மறுபக்கம் செல்கள் புதிதாக நெய்கின்றன. அரிப்பதும் நெய்வதும் சரிசமமாக இருக்கும்வரை குழந்தை வளர வளரச் சவ்வும் இழுபட்டு விரிந்து ஈடுகொடுக்கும். நெய்கிற செல்கள் சாகத் தொடங்கினால் அரிப்பின் கை ஓங்கிவிடும்.

இப்போது உங்களைப் பயமுறுத்திய அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ‘செல் தற்கொலை’ என்ற பெயர் எனக்குப் பிடித்ததில்லை. ஏதோ விபரீதம் நடந்துவிட்டது போன்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. இதற்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று 1972-ல் பெயர் வைத்தவர்கள் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி என்ற மூன்று விஞ்ஞானிகள். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நம் மொழியில் ‘உதிர்தல்’ என்ற அழகான சொல் இருக்கும்போது தற்கொலை எதற்கு? செல் சுருங்கும், உட்கரு அடர்ந்து துண்டு துண்டாகும், பிறகு செல்லே சிறு பொட்டலங்களாகப் பிரியும், அக்கம்பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். சிந்தாமல் சிதறாமல் நடந்து முடியும் மரணம் இது. அடிபட்டோ நச்சுப்பட்டோ வெடித்துச் சாகும் செல் வேறு. அது உள்ளே இருப்பதையெல்லாம் சுற்றிலும் கொட்டி அழற்சியைக் கிளப்பிவிடும்.

ஓர் உடல் உருவாக இந்த உதிர்தல் அவசியம். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். அதன் உடலில் உருவாகும் 1,090 செல்களில் 131 செல்கள் குறித்த நேரத்தில் சாகின்றன. அந்த வழிமுறையைக் கண்டறிந்ததற்கு 2002-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. புழுவை விடுங்கள், உங்கள் மகளின் கையை விரித்துப் பாருங்கள். கருவில் கை முதலில் துடுப்பு போலத்தான் முளைக்கும். விரல்களுக்கு நடுவே இருக்கும் செல்கள் உதிர்ந்த பிறகுதான் ஐந்து விரல்களும் தனித்தனியாகின்றன. அந்த ஐந்து விரலும் செல்களின் மரணத்தில் கிடைத்தவை.

பனிக்குடத்திலும் இதே கதைதான். மாதம் நிறைய நிறைய, சவ்வின் ஒரு பகுதி தன்னைத் தானே தளர்த்திக்கொள்கிறது. கருப்பை வாய்க்கு மேலே படிந்திருக்கும் பகுதி அது. 1990-களில் செய்யப்பட்ட ஆய்வுகளில், கிழிசல் ஓரத்திலும் கருப்பை வாயை ஒட்டிய இடத்திலும் சவ்வின் அமைப்பே மாறியிருப்பது தெரிந்தது: கொலாஜன் அடுக்குகள் கலைந்து, வீங்கி, கோரியானின் செல் அடுக்கு மெலிந்து, செல் மரணம் கூடியிருந்தது. 1996-ல் வெளியான எலி ஆய்வு ஒன்று, பிரசவ வலி தொடங்குவதற்கு முன்பே அம்னியானில் செல் மரணமும் கொலாஜன் சிதைவும் சேர்ந்து கிளம்புவதைக் காட்டியது. முன்பெல்லாம் வலி வந்து கருப்பை அழுத்துவதால்தான் சவ்வு உடைகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். சவ்வு தன் பங்குக்கு முன்கூட்டியே தயாராகிறது என்பது இப்படித்தான் புரிந்தது. பூட்டை உள்ளிருந்தே தளர்த்தி வைக்கிற மாதிரி.

உங்களுக்கு நடந்தது, 37-வது வாரத்துக்குப் பிறகு நடக்க வேண்டியது 30-வது வாரத்தில் நடந்ததுதான். 37 வாரத்துக்கு முன்பு, வலி வருவதற்கு முன்னாலேயே பனிக்குடம் உடைவது நூறு கர்ப்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு நேர்கிறது. குறைமாதப் பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இப்படித்தான் தொடங்குகிறது. நீங்கள் தனி ஆள் இல்லை.

கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பது எது? ஒரே பதில் கிடையாது. பிறப்புறுப்பிலிருந்து மேலே ஏறும் கிருமிகள் முதலில் சந்தேகிக்க வேண்டியவை. எந்த அறிகுறியும் இல்லாமலே அவை ஏறலாம். கிருமியைக் கண்டதும் சவ்வும் கருப்பை உள்ளுறையும் அழற்சிச் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. டி.என்.எஃப் என்று ஒன்று, இன்டர்லூகின் என்று ஒரு குடும்பம். இவை இரண்டு வேலை செய்கின்றன: அம்னியான் செல்லின் மேல் உட்கார்ந்து ‘உதிர்ந்துவிடு’ என்ற கட்டளையை உள்ளே அனுப்புகின்றன, கூடவே கொலாஜனை அரிக்கும் நொதிகளையும் பெருக்குகின்றன. நெய்கிறவர்களும் போய், அரிக்கிறவர்களும் கூடினால் சவ்வு எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாவது, கருப்பைக்குள் ரத்தக் கசிவு. நடுமாதங்களில் ரத்தம் பட்டிருந்தால், ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் என்ற பொருளே சவ்வைத் தளர்த்தும். மூன்றாவது, புகை. சிகரெட் புகையின் நச்சு செல்களுக்குள் ஆக்சிஜன் வழிச் சேதத்தை உண்டாக்கிச் சவ்வை முன்னதாகவே கிழடாக்குகிறது. இரட்டைக் கரு, அளவுக்கு மீறிய பனிநீர் இவற்றில் இழுவிசையே அந்த நொதிகளைத் தூண்டிவிடும். கருப்பை வாய் சிறுத்திருப்பதும், அடுத்தடுத்து உடனே கருத்தரிப்பதும் ஆபத்தைக் கூட்டும். இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று சொல்ல வேண்டும். இதில் எதுவுமே இல்லாத பெண்களுக்கும் உடைகிறது. உங்களுக்கு ரத்தக் கசிவோ வேறு தொந்தரவோ இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. பெட்டி என்பது இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கைக்கு வருவோம். ‘சவ்வில் அழற்சி, செல்கள் இறந்துள்ளன’ என்ற வரியை நீங்கள் காரணமாகப் படித்துவிட்டீர்கள். அதை நான் அப்படிப் படிக்க மாட்டேன். உங்களுக்கு உடைந்த பிறகு ஆறாம் நாள்தான் பிரசவம். அந்த நாட்களில் சவ்வு திறந்தே கிடந்தது, கருப்பை வாயில் இருக்கும் கிருமிகள் உள்ளே போக வழி இருந்தது. கண்ணாடித் தட்டில் ஒட்டிப் பார்க்கப்பட்டது ஆறு நாளைக்குப் பிந்தைய சவ்வு. அதில் தெரியும் அழற்சி உடைவதற்கு முன் வந்ததா, உடைந்த பிறகு வந்ததா என்று அந்தத் துண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இறந்த செல்களும் அப்படித்தான். கிழிசலின் ஓரத்தில் எடுத்த துண்டென்றால், நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் சவ்விலும் இறந்த செல்கள் இருக்கும். அந்த வரி உங்கள் மேல் சுமத்திய குற்றப்பத்திரிகை அல்ல. அடுத்த கர்ப்பத்தின்போது உங்கள் மருத்துவர் கையில் இருக்க வேண்டிய தகவல், அவ்வளவுதான்.

சவ்வு குழந்தையின் செல்களால் ஆனதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், நீங்கள் படித்தது சரி. அம்னியானும் கோரியானும் கருவிலிருந்து உருவாகுபவை. மகளுடைய மரபணுவேதான் அவற்றிலும் இருந்தது. ஆனால் அதிலிருந்து ‘மகளிடம் கோளாறு’ என்ற இடத்துக்குத் தாவக் கூடாது. அம்னியான் செல்கள் கட்டளை கிடைத்ததால் உதிர்ந்தன. அப்படிப்பட்ட கட்டளை பெரும்பாலும் அழற்சியிலிருந்து வரும். மகளின் இதயத்துக்கோ மூளைக்கோ ‘சாவுக் கட்டளை’ எதுவும் போகவில்லை.

அரிதான விதிவிலக்கு ஒன்று உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொலாஜனே பிறவியிலிருந்து பலவீனமாக உருவாகும் சில பரம்பரை நோய்கள் இருக்கின்றன. எஹ்லர்ஸ்-டான்லோஸ் நோய் அவற்றில் ஒன்று. குழந்தைக்கு அது இருந்தால் சவ்வின் கொலாஜனும் பலவீனமாக இருந்து முன்னதாக உடையலாம். மூட்டுகள் வழக்கத்துக்கு மாறாக மடங்குவது, தோல் ரப்பர் போல இழுபடுவது, சின்னக் காயம்கூட அகலமான தழும்பாவது, குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருப்பது போன்றவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் இதைத் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

அடுத்தது அந்த இரவு. இதில் உங்களிடம் நேராகவே பேசுகிறேன். சிறுநீர் என்று நினைத்துப் படுத்துவிட்டதால் பனிக்குடம் உடையவில்லை, அது ஏற்கெனவே உடைந்திருந்தது. ஆனாலும் அப்படிக் காத்திருந்திருக்கக் கூடாது. உடைந்ததும் இரண்டு ஆபத்துகள் கதவருகே நிற்கும்: கிருமித் தொற்று ஒன்று, தொப்புள்கொடி நழுவிக் கீழே வருவது மற்றொன்று. உங்களுக்கு இரண்டில் எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. தெரியாமல் செய்ததற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கர்ப்பகாலப் பரிசோதனைகளில் இதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கொடுத்த ஊசி மருந்துகள் சும்மா கொடுத்தவை அல்ல. ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்த. நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கிய வழக்கம் அது. எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கின்றன. ஆன்டிபயாடிக், தொற்றைத் தள்ளிப்போட்டுச் சில நாள் கூடுதலாக வயிற்றிலேயே வைத்திருக்க. 32 வாரத்துக்கு முன் பிரசவமாகும் நிலை வந்தால் மெக்னீசியம் சல்பேட்டும் கொடுப்பது உண்டு, குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பாக. இந்த நிலையில் பாதிப் பேருக்கு மேல் ஒரு வாரத்துக்குள் பிரசவமாகிவிடும். உங்களுக்குக் கிடைத்த ஆறு நாளில் ஸ்டீராய்டு முழுமையாக வேலை செய்ய நேரம் இருந்தது. மகள் ஐந்து வாரத்தில் வீட்டுக்கு வந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

சவ்வு திரும்ப ஒட்டிக்கொள்ளாதா என்று பலர் கேட்பார்கள். பனிநீர் எடுத்துப் பரிசோதிக்க ஊசி குத்தியதால் கசிந்தால் பெரும்பாலும் தானே அடைபட்டுவிடும். உங்களுடையதைப் போலத் தளர்ந்து உடைந்தது மூடுவது அரிது. ரத்தக்குழாயே இல்லாத திசு, அதோடு ஓரத்துச் செல்கள் ஏற்கெனவே உதிர்ந்தவை. எதைக்கொண்டு தைத்துக்கொள்ளும்? ஆனால் ‘தண்ணீர் எல்லாம் போய்விட்டது’ என்று நினைத்து அலறவும் வேண்டாம். குழந்தையின் சிறுநீர்தான் பனிநீரின் பெரும்பகுதி, கசியக் கசிய ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

இனி அடுத்த குழந்தை. ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு மறுபடி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. பெரும்பாலோருக்கு மறுபடி ஆவதில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரப்பட வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருத்தரிப்புக்குள் 18 மாதமாவது இடைவெளி இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 24 மாதம் என்கிறது. வீட்டில் யாராவது புகைபிடித்தால் இப்போதே நிறுத்தட்டும், உங்களைச் சுற்றியுள்ள புகையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கருத்தரித்ததும் முதல் சந்திப்பிலேயே ‘30 வாரத்தில் பனிக்குடம் உடைந்தது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், அறிக்கையைக் கையில் கொடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் அறிகுறி இல்லாத தொற்று இருந்தால்கூட அதற்கு மருந்து சாப்பிட வேண்டும். 16-வது வாரத்திலிருந்து 24-வது வாரம்வரை பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். இதைத் தவறவிடாதீர்கள், உங்கள் விஷயத்தில் இருக்கிற பரிசோதனைகளிலேயே அதிகப் பயன் உள்ளது இதுதான் என்பது என் கருத்து. 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மாத்திரையைப் பிறப்புறுப்பில் வைக்கச் சொல்வார்கள், அல்லது கருப்பை வாயில் தையல் போடுவார்கள். எது என்பதை உங்களைப் பரிசோதிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அழற்சிச் சமிக்ஞையும் த்ராம்பினும் சவ்வைத் தளர்த்துவதைப் புரோஜெஸ்டிரான் தடுப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அது சவ்வுக்கும் அந்நியமான மருந்து அல்ல. வாரம் ஒருமுறை போடும் வேறு வகைப் புரோஜெஸ்டிரான் ஊசியைப் பற்றி யாராவது சொன்னால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பயன் நிரூபணமாகவில்லை என்று 2023-ல் அதன் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் படுத்தே கிடப்பதால் பனிக்குடம் காப்பாற்றப்படுவதில்லை. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதுதான் மிச்சம். நடங்கள், வேலை செய்யுங்கள். கொலாஜனுக்கு வைட்டமின் சி வேண்டும் என்று படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். வைட்டமின் சி-யையும் ஈ-யையும் அதிக அளவில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் பனிக்குடம் முன்னதாக உடைவது கூடியிருந்தது. சாதாரணச் சாப்பாட்டில் கிடைப்பது போதும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு ராத்திரி மறுபடி நனைந்தால்? கேட்க விரும்பாத கேள்விதான், ஆனாலும் இப்போதே தெரிந்திருப்பது நல்லது. சிறுநீர் என்றால் பெரும்பாலும் அதன் வாசனை தெரியும், ஒருமுறை வந்து நின்றுவிடும். பனிநீர் நீங்கள் அடக்கினாலும் அடங்காது. சொட்டுச் சொட்டாகவோ, எழுந்து நிற்கும்போதும் இருமும்போதும் குபுக்கென்றோ வந்துகொண்டே இருக்கும். சந்தேகமாக இருந்தாலே சுத்தமான வெள்ளை நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு, மணியைக் குறித்துக்கொண்டு, உடனே கிளம்புங்கள். விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நாப்கினைத் தூக்கிப் போடாமல் கொண்டு போங்கள், நிறத்தையும் நனைந்த அளவையும் அதைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்வோம். பச்சையாகவோ, ரத்தம் கலந்தோ, துர்நாற்றத்தோடோ இருந்தால், காய்ச்சல் இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். உள்ளே விரல் விட்டுப் பார்க்கவோ கழுவவோ வேண்டாம், உடலுறவும் வேண்டாம். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்த நிலையில் எந்த மருந்து என்பது முக்கியம்: 2001-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் எரித்ரோமைசின் நன்மை செய்தது. ஆனால் பல வீடுகளிலும் மீந்து கிடக்கும் கோ-அமாக்சிக்ளாவ், குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுக வைக்கும் ஒரு நோயைக் கூட்டியது.

பிறப்புறுப்பு வாயில் கயிறு போல ஏதோ தட்டுப்பட்டால் அது தொப்புள்கொடி. அதை உள்ளே தள்ள முயலாதீர்கள். முழங்காலும் மார்பும் தரையில் படும்படி குப்புற மண்டியிட்டு, இடுப்பு உயர்ந்திருக்க, ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருங்கள். இது அபூர்வம். ஆனால் தெரிந்திருந்தால் ஓர் உயிர்.

ஆஸ்பத்திரியில் கருவி வைத்து உள்ளே பார்ப்பார்கள். நீர் தேங்கியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் உலர்த்துவார்கள். பனிநீர் என்றால் உலர்ந்ததும் நுண்ணோக்கியில் பெரணி இலை விரிந்தது போன்ற உருவம் தெரியும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

கடைசியாக, மகள் தவழவில்லை என்ற கவலை. அவள் பிறந்தது 31 வாரத்தில், கணக்குக்கு ஒன்பது வாரம் முன்னால். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு வயதுவரை அப்படித்தான். ஆக உங்கள் வீட்டில் இருப்பது இப்போதைக்கு எட்டு மாதக் குழந்தை. எட்டு மாதத்தில் தவழாத நிறைமாதக் குழந்தைகளும் எத்தனையோ உண்டு. பிடித்துக்கொண்டு உட்காருகிறாளா, இரண்டு கையாலும் பொருளைப் பிடிக்கிறாளா, கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று பாருங்கள். ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்தினாலோ, உடம்பு விறைப்பாகவோ தொளதொளவென்றோ இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் தரையில் ஒரு விரிப்பைப் போட்டுக் குப்புற விடுங்கள், எட்டாத தூரத்தில் அவளுக்குப் பிடித்த பொம்மையை வையுங்கள்.